மலைக்குப் பின்னால் ஒரு மணி நேரம்

பாயிரின் முதன்முதலாக எங்கள் ஊருக்கு வந்தது மாட்டுச் சாணம் வாங்குவதற்காக. காதல் கதையை இப்படித் தொடங்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். என்ன செய்வது, நடந்தது அதுதான்.

எங்கள் ஊர் மெராபி எரிமலையின் கிழக்குச் சரிவில் இருக்கிறது. வீட்டுக்கு வீடு கறவை மாடு. அவருடைய ஊர் அதே மலையின் மேற்குச் சரிவில். அங்கே வீட்டுக்கு வீடு சலாக் பழத் தோட்டம். பாம்புத் தோல் மாதிரி செதில் செதிலாகத் தோல், உள்ளே வெள்ளைச் சுளை. அந்த மரங்களுக்கு எங்கள் மாட்டுச் சாணம் என்றால் உயிர். எங்கள் மலைக்கும் பக்கத்து மலைக்கும் நடுவே போகும் கணவாய்ச் சாலையில் வளைந்து வளைந்து லாரி எடுத்துக்கொண்டு வருவார்கள்.

நான் பால் சேகரிப்பு நிலையத்தில் வேலை பார்த்தேன். ஒவ்வொரு கேனிலும் பால்மானியை விட்டு, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. அன்று கேன்களோடு வரிசையில் நின்ற பெண்களைத் தாண்டி ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"ஏங்க, காய்ஞ்ச சாணம் யார்கிட்ட கிடைக்கும்?"

"எங்க வீட்டுலயே இருக்கு. வாகியெம் வீடு எதுன்னு கேளுங்க, காட்டுவாங்க."

"வாகியெமா?" அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. "நான் பாயிரின்."

வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

எங்களுக்கு ஏழு நாள் வாரத்தோடு ஐந்து நாள் சந்தை வாரம் ஒன்றும் உண்டு. லெகி, பாயிங், பொன், வாகே, கிளிவோன். பாயிங் அன்று பிறந்தவனுக்குப் பாயிரின் என்று பெயர் வைப்பார்கள். வாகே அன்று பிறந்தவள் வாகியெம். பாயிங்கும் வாகேயும் மட்டும் கலியாணம் செய்துகொள்ளக் கூடாது. செய்துகொண்டால் இருவரில் ஒருவர் தங்க மாட்டார்கள் என்பது பேச்சு. படித்தவர்கள்கூட நம்பிக்கை இல்லை என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய் விரல்விட்டு எண்ணிப் பார்ப்பார்கள்.

"அப்பாடா, இதுங்க ரெண்டும் எவ்வளவு நேரம் வேணா பேசலாம்" என்றாள் வரிசையில் நின்ற ஒருத்தி. "காவலே வேண்டாம்."

அங்கேதான் ஊர் ஏமாந்தது. வேறு எந்த ஆண்பிள்ளை லாரியை நிறுத்தி என்னோடு பேசியிருந்தாலும், சாயங்காலத்துக்குள் செய்தி என் அம்மாவின் காதுக்குப் போயிருக்கும். பாயிரின் வந்தால் மட்டும் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சாணி மாப்பிள்ளை வந்திருக்கார்" என்று கிண்டல் செய்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்தார்கள். என் அம்மாவே அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்து எங்களை முற்றத்தில் விட்டுவிட்டு மாட்டைப் பார்க்கப் போய்விடுவாள். அப்படியே இரண்டு மழைக்காலம் போனது.

சின்ன வயதிலிருந்து எனக்கு ஒரு நினைப்பு உண்டு. ஐந்து நாட்களும் ஐந்து உறவுக்காரர்கள். லெகி கிழக்கிலிருந்து வெள்ளை உடையில் வருவார். பாயிங் தெற்கிலிருந்து சிவப்பில். பொன் மேற்கிலிருந்து மஞ்சளில். வாகே வடக்கிலிருந்து கறுப்பில். கிளிவோன் எங்கும் போகாமல் நடுவில் உட்கார்ந்திருப்பார். நிறத்தையும் திசையையும் பெரியவர்கள் சொல்லியிருந்தார்கள். உடையையும் நடையையும் நான் சேர்த்துக்கொண்டேன். எங்களுக்கு நாள் மாறுவது காலையில் கிடையாது. பொழுது சாயும்போதுதான் பழைய நாள் எழுந்து கிளம்பும், புது நாள் உள்ளே நுழையும். இரண்டு பேரும் வாசற்படியில் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்துக்கொள்வார்கள் என்று நான் நினைத்துக்கொள்வேன். என் வாகே கறுப்புக் குடை பிடித்த, அதிகம் பேசாத மாமா. அம்மா என் பிறந்த நாளுக்குச் சோறும் தேங்காய்ப்பூ போட்ட கீரையும் அவித்த முட்டையும் படைக்கும்போதெல்லாம் அவர் ஒரு மூலையில் வந்து நிற்பார்.

இதை நான் பாயிரினிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.

"என் பாயிங்கை நீ பார்த்திருக்கியா?" என்று கேட்டார்.

"சிவப்புச் சட்டை. தொப்பை. சத்தமா சிரிப்பார்."

"அட, எங்க சித்தப்பா!"

ஒருநாள் சாணம் ஏற்றி முடித்து லாரியின் முன்படியில் உட்கார்ந்திருந்தோம். என் அப்பா இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அவரைப் பற்றிப் பேச்சு வந்தது.

"போனவங்க எல்லாம் நமக்கு முன்னாடி போயிட்டாங்க" என்றேன். "அப்பா முன்னாடி நடந்து போற மாதிரியே எனக்கு இருக்கும். முதுகு நல்லா தெரியுது. வரப்போறதுதான் நம்ம பின்னாடி வருது. காலடிச் சத்தம் கேக்குது, முகம் தெரியல."

"அதனாலதான் லாரிக்குக் கண்ணாடி வெச்சிருக்கான்."

"அதுல என்ன தெரியுது?"

அவர் எட்டிப் பார்த்தார். "இப்போதைக்குச் சாணி தெரியுது."

நான் சிரித்துக்கொண்டே இருந்தபோது அவர் கையை நீட்டிக் கண்ணாடியை மெதுவாகத் திருப்பினார். திருப்பியவர் நிறுத்திவிட்டார். கண்ணாடியில் என் முகம் இருந்தது.

"இப்போ நீ தெரியுற" என்றார்.

மேலே புகையிலைத் தோட்டத்தில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள்.

"உங்க அம்மா ஒத்துக்க மாட்டாங்க" என்றேன்.

"தெரியும்."

"எங்க அம்மாவும்தான்."

"தெரியும் வாகி. கேட்டுப் பார்க்கறேன்."

அவர் அம்மாவின் பெயர் முர்ஜினா. கேட்டதும் அவர் சத்தம் போடவில்லையாம். அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். அவருக்கு ஒரு தங்கை. பாயிங்கில் பிறந்தவள், வாகேயில் பிறந்த ஒருவனை ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டாள். கலியாணமான முதல் மழைக்காலத்திலேயே, ஆற்றில் மணல் அள்ளப் போன அந்தப் பையனை மலையிலிருந்து வந்த வெள்ளம் கொண்டுபோய்விட்டது. முர்ஜினா அம்மாதான் அவர்களுக்காகப் பெரியவர்களிடம் பரிந்து பேசியவர். அந்தத் தங்கை இன்னும் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறாள்.

இதைப் பாயிரின் சொன்னபோது எனக்குக் கோபப்பட ஒன்றும் இல்லாமல் போனது. மகன் வீடு திரும்பக் கொஞ்சம் தாமதமானால்கூட என் முகத்தைப் பார்த்து நடுங்கப்போகிற ஒரு மாமியாரோடு நான் எப்படி ஒரே அடுப்படியில் நிற்பது? அவரை மீறிக் கலியாணம் வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். அவர் மனதாரச் சம்மதிக்க வேண்டும்; இல்லையென்றால் இது இதோடு முடியட்டும்.

எனக்கு அப்போது முப்பது வயது. முடியட்டும் என்று சொன்ன அன்று பால்மானியைக் கீழே போட்டு உடைத்தேன்.

"அம்மா நேர்ல வந்து பேசணுமாம்" என்று பாயிரின் அடுத்த வாரம் தொலைபேசியில் சொன்னார். குரலிலேயே தெரிந்துவிட்டது. மறுப்பைச் சொல்லியனுப்பாமல் நேரில் வந்து சொல்வது எங்கள் பக்கத்தில் பெரிய மரியாதை.

மழையில்லாத மாதம். முர்ஜினா அம்மா ஒரு கூடை சலாக் பழத்தோடு லாரியிலிருந்து இறங்கினார். நான் பயந்துகொண்டிருந்த ஆள் இவரா என்று இருந்தது. குட்டையாக, உருண்டையாக, கணவாய்க் குளிரில் மூக்கு சிவந்து, முக்காட்டை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு.

"எலும்புல போய் உக்காருது இந்தக் குளிர். இங்க எப்படிம்மா இருக்கீங்க?"

"மாட்டைக் கட்டிப் புடிச்சுக்குவோம்" என்றாள் என் அம்மா காசியெம்.

முர்ஜினா அம்மா சிரித்துவிட்டார். சிரித்ததற்காகவே உடனே வருத்தப்பட்டவர் போல முகத்தை மாற்றிக்கொண்டார்.

அம்மா கற்கண்டு போட்ட மல்லிகைத் தேநீரும் வேகவைத்த மரவள்ளியும் வைத்தாள். எங்கள் வீட்டுத் தேநீர் வெறும் தண்ணீர் என்று அம்மா சொன்னாள். இதுபோல் தேநீர் தன் வாழ்நாளில் குடித்ததில்லை என்று அவர் சொன்னார். மாடு, தோட்டம், கணவாய்ச் சாலையின் பள்ளங்கள் எல்லாவற்றையும் பேசி முடித்தார்கள். பாயிரின் ஒரு மரவள்ளித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமல் உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் முர்ஜினா அம்மா தன் தங்கையின் கதையைச் சொன்னார். முழுவதும் சொல்லிவிட்டு, என்னை ஒருமுறை பார்த்து, அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"உங்க பொண்ணு தங்கமான பொண்ணு. நல்ல இடமா அமையும். என் பையனுக்குத்தான் கொடுத்து வைக்கல."

அவ்வளவுதான். எங்கள் ஊரில் இதைவிடத் தெளிவாக யாரும் மறுக்க மாட்டார்கள்.

"எல்லாம் பின்னாடி தெரியும்ங்க" என்றாள் அம்மா. வேறு என்ன சொல்வாள்? தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

எங்கள் ஊரில் சாயங்காலம் மலையிலிருந்து நடந்து வரும். சூரியன் மெராபியின் உச்சியில் ஏறி, குதிரைமேல் உட்காருவது போலக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கும். எங்கள் பேச்சில் அந்தப் பொழுதுக்குப் பெயரே மலைச் சவாரி. பிறகு அந்தப் பக்கம் இறங்கிவிடும். இறங்கியதும் மலையின் நிழல் புகையிலைத் தோட்டத்தில் காலை வைக்கும். அங்கிருந்து புல்மேடு, மூங்கில் வேலி, முற்றம், கூரை. நிழல் வீட்டைத் தாண்டியதும் யாரோ ஈரத் துணியால் போர்த்தியதுபோல் ஊர் முழுக்கக் குளிர்ந்துவிடும். அன்றும் அப்படித்தான் வந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். காதில் 'நல்ல இடமா அமையும்' என்பது மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

முர்ஜினா அம்மா துள்ளி எழுந்தார்.

"ஐயோ, பொழுது போயிடுச்சே! பேச்சு சுவாரஸ்யத்துல பள்ளிவாசல் பாங்கு சத்தம்கூட காதுல விழல. மஃரிப் தொழுகை தவறிடும். தண்ணி எங்கம்மா இருக்கு?"

நான் எதையும் யோசிக்காமல் அவரைத் தண்ணீர்த் தொட்டிக்கு அழைத்துப் போனேன். அந்த நேரத்தில் என் புத்தி என்னிடம் இல்லை. அவர் பல் கிட்டிக்க முகம் கை கால் கழுவி, தொழுகைக்கு ஒளுச் செய்தார். "பனிக்கட்டி, பனிக்கட்டி" என்று முணுமுணுத்தார். கூடத்துக்கு வந்து வெள்ளைத் தொழுகை உடையை மாட்டிக்கொண்டு பாயை விரித்தார். கையைத் தூக்கப் போகும்போது என் அம்மா பொரித்த சோயா டெம்பேயோடு வந்தாள்.

"என்னங்க, இப்பவேவா? இன்னும் பாங்கே சொல்லலையே!"

"சூரியன் போயிடுச்சேம்மா."

"எங்க போச்சு? மலைக்குப் பின்னாடி போயிருக்கு. அது விழ இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்." அம்மா தட்டை வைத்துவிட்டுச் சிரித்தாள். "புதுசா வர்றவங்க எல்லாருக்கும் இதே கதைதான். போன நோன்புக்கு ஒரு மருந்து வியாபாரி வந்தான். நிழலைப் பார்த்துட்டு நோன்பே திறந்துட்டான். பாதி டெம்பே தின்னதுக்கு அப்புறம்தான் யாரோ சொன்னாங்க. அழுதுட்டான் பாவம்!"

முர்ஜினா அம்மா நம்பவில்லை. வெள்ளை உடையோடே தொலைபேசியை எடுத்து வீட்டுக்குப் போட்டார். அவர் காது கொஞ்சம் மந்தம் என்பதால் சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தார்; அந்தப் பக்கத்துப் பேச்சும் எங்களுக்குக் கேட்டது. தங்கைதான் எடுத்தாள்.

"அங்க பொழுது போயிடுச்சாடி?"

"என்னக்கா உளர்ற? வெயில் கண்ணைக் கூசுது. நெல்லு இன்னும் முத்தத்துல காயுது. கோழி வேற... ஏய், போ! என்னக்கா, பொண்ணு வீட்டுல பேசியாச்சா?"

முர்ஜினா அம்மா தொலைபேசியை வைத்தார்.

பாயிரின் கையில் இருந்த மரவள்ளியைத் தட்டில் வைத்தார். அவர் என்ன கேட்கப்போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. எனக்கு முன்பே என் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. அவள் சிரிப்பு நின்றிருந்தது.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க" என்றார் பாயிரின். "வாகி பிறந்தது எந்தப் பொழுது?"

"சூரியன் போனதுக்கப்புறம்."

"மலைக்குப் பின்னாடி போனதுக்கப்புறமா, இல்ல..."

"தம்பி, எங்களுக்கு ரெண்டு சூரியன் இல்ல."

"காசியெம்மா" என்று முர்ஜினா அம்மா பாயில் உட்கார்ந்தார். "எனக்காகச் சொல்லுங்க. எப்படிப் பிறந்தா?"

பெண்களிடம் பிள்ளை பெற்ற கதையைக் கேட்டால் சொல்லாமல் இருக்க முடியாது. அம்மா கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

அன்று மதியத்திலிருந்து வலி. மருத்துவச்சி வந்துவிட்டாள். அப்பா கொட்டகையில் பால் கறந்துகொண்டிருந்தார். சூரியன் மலைச் சவாரி முடித்து இறங்கி, நிழல் கூரையைத் தாண்டியதும் நான் பூமியில் விழுந்தேன். அழுகை கேட்டு அப்பா பால் வாளியோடு ஓடி வந்தார். வாசலிலிருந்து மலையைத் திரும்பிப் பார்த்தார். 'பொன் கிளம்பிட்டார். வாகே வந்தாச்சு. இவ வாகியெம்' என்றார். தொப்புள்கொடி அறுப்பதற்கு முன்பே பெயர் வைத்துவிட்டார்.

"கால் விரலை எண்ணிப் பார்த்தேன். பத்தும் இருந்துச்சு" என்றாள் அம்மா.

"விளக்கு ஏத்தியா பார்த்தீங்க?" என்று முர்ஜினா அம்மா கேட்டார்.

"எதுக்கு விளக்கு? அதான் வெளிச்சம்..." அம்மா நிறுத்தினாள். கொஞ்சம் பொறுத்துத் தாழ்ந்த குரலில் தொடர்ந்தாள். "அப்புறம் அவர் பால் கேனைத் தோள்ல போட்டுக்கிட்டு ரோட்டுக்கு இறங்கினார். குடுத்துட்டு வந்து, வாசல்ல குழி தோண்டி நஞ்சுக்கொடியைப் புதைச்சார். அதுக்கப்புறம்தான் இருட்டுச்சு."

நான் பிறந்தது மலை மறைத்த அந்த ஒரு மணி நேரத்தில். சூரியன் விழவில்லை, நாள் மாறவில்லை. கணக்கின்படி நான் வாகே கிடையாது. நான் பொன். பாயிங்குக்கும் பொன்னுக்கும் ஒரு பகையும் இல்லை.

"அவர் தப்பா எண்ணல" என்றாள் அம்மா சட்டென்று. "அப்போ இந்த ஊர்ல பள்ளிவாசல் இல்ல, ரேடியோ இல்ல, கரண்ட் இல்ல. மலை சொன்னதுதான் மணி. இங்க நின்னு பார்த்தார், இங்க பொழுது போயிடுச்சு. இருக்கற மனுஷனா இருந்தா சண்டை போடலாம். செத்துப்போன மனுஷனை, பெத்த பொண்ணோட நாள்கூடத் தெரியாதவர்னு சொல்லச் சொல்றீங்களா?"

நான் எழுந்து முற்றத்துக்கு வந்துவிட்டேன்.

வெளியே வானம் வெளுத்து நின்றது. மலை முழுக்கக் கறுப்பு. அதன் ஓரம் மட்டும் நெருப்புக் கோடு. பகலும் போகாத, இரவும் வராத அந்த நேரத்தில் மாடுகள்கூடக் கத்துவதில்லை. வேலியோரம் யாரோ நிற்பதுபோல் இருந்தது. கறுப்புக் குடை. முப்பது வருடமாக என் சோற்றைச் சாப்பிட வந்த மனிதர். இன்னும் கொஞ்சம் தள்ளி, சரிவில் ஏறிப் போய்க்கொண்டிருந்த மஞ்சள் சட்டைக்காரர் பாதி வழியில் நின்று திரும்பிப் பார்த்தார். தன் பொருள் எதையோ மறந்துவிட்டு வந்தவர் போல. நான் யாருடைய பெண் என்று இருவரும் என்னையே கேட்பதாகத் தோன்றியது. என் பிடிவாதத்தை வாகே பிடிவாதம் என்பார்கள். என் நடையை வாகே நடை என்பார்கள். அதெல்லாம் யாருடையது?

பாயிரின் பின்னால் வந்து நின்றார். நான் திரும்பவில்லை.

"வாகி."

"பொனியெம்னு கூப்பிட்டுப் பாருங்க."

அவர் யோசித்தார். "வாய்ல வரல."

"எனக்கும் காதுல ஏறல" என்றேன். அப்போதுதான் அழுகை வந்தது.

வாசலில் சத்தம் கேட்டது. முர்ஜினா அம்மா அந்த வெள்ளை உடையோடு படியில் நின்றார். அவர் பின்னால் என் அம்மா. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இப்போது பேசாவிட்டால் வேறு யாராவது எனக்காகப் பேசிவிடுவார்கள் என்று தோன்றியது.

"அம்மா, நான் வாகியெம்தான்" என்றேன் அவரிடம். "அது அப்பா வெச்ச பேரு. அவர் தப்புன்னு ஒத்துக்கிட்டாத்தான் உங்க வீட்டுக்கு வர முடியும்னா, நான் வரல."

பாயிரின் மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது. அவர் குறுக்கே பேசவில்லை. அதற்காக அவரை இன்றும் எனக்குப் பிடிக்கும்.

முர்ஜினா அம்மா என்னைப் பார்க்கவில்லை. மலையைப் பார்த்தார். மேற்குச் சரிவிலேயே பிறந்து வளர்ந்தவர். மலையின் இந்த முதுகை அவர் அதற்குமுன் பார்த்ததே இல்லை.

"சூரியன் இங்கேருந்து எங்க போகுதுன்னு யோசிச்சுப் பார்த்தேன்" என்றார். "வேற எங்க, எங்க வீட்டுக்குத்தான். இவ பிறந்தப்போ இவனுக்கு மூணு வயசு இருக்கும். நான் முத்தத்துல நெல்லு கிளறிட்டு இருந்திருப்பேன். இவன் அம்மணமா கோழியைத் துரத்திட்டு இருந்திருப்பான்."

"அம்மா!" என்றார் பாயிரின்.

"சும்மா இரு. வெயில் இருந்திருக்கும். இங்கேருந்து கிளம்பின பொன் எங்க முத்தத்துல வந்து, இன்னும் ஒரு மணி நேரம் உக்காந்திருந்திருக்கார். எனக்குத்தான் அன்னைக்குத் தெரியல." அவர் என் அம்மாவின் பக்கம் திரும்பினார். "உங்க வீட்டுக்காரர் எண்ணினது சரி. இந்தப் பக்கத்துல இவ வாகே. எங்க பக்கத்துல இவ பொன். என் பையன் குடும்பம் நடத்தப் போறது எங்க பக்கத்துல."

"பயமா இல்லையா உங்களுக்கு?" அம்மா கேட்டாள். அவள் குரலில் இருந்த வீம்பு போய்விட்டிருந்தது.

"இருக்கு. ஆத்துல தண்ணி வந்தா இருக்கும், இவன் வர நேரமானா இருக்கும். தங்கச்சி புருஷன் போனதிலிருந்து இருக்கற பயம்தானே. இனிமே அதை உங்க பொண்ணு தலையில போட மாட்டேன்."

"பேரு?"

"வாகியெம். வேற என்ன பேரு?"

"உங்க ஊர்ல சிரிப்பாங்க. பாயிரினும் வாகியெமுமான்னு."

"சிரிக்கட்டும். பத்திரிகையைப் பார்த்ததும் ஊரே வந்து வாசல்ல நிக்கும், என்னடி இது அக்கிரமம்னு. மொத்தப் பேரையும் லாரியில ஏத்திக்கிட்டு இங்க வந்து இறக்கறேன். ஆளுக்கு ஒரு பாய் குடுங்க. எத்தனை பேரு அவசரப்பட்டுத் தொழுகைக்கு எழுந்திருக்கறாங்கன்னு பாருங்க, சம்பந்தியம்மா."

சம்பந்தியம்மா. அந்தச் சொல் முற்றத்தில் விழுந்ததும் அம்மா கூரையைப் பார்த்தாள், மாட்டுக் கொட்டகையைப் பார்த்தாள், என்னைப் பார்க்க முடியாமல் முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்தாள்.

"கலியாணம் எங்க பக்கத்துலதான்" என்றாள். "அதுல பேச்சே கிடையாது."

"பொண்ணு வீட்டுலதானே வைப்பாங்க! நான் என்ன மாட்டேன்னா சொன்னேன்?"

கீழே பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. பாங்கு எழுந்து, சரிவில் ஒவ்வொரு வீடாக ஏறி வந்தது. முர்ஜினா அம்மா தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "ஒளு இன்னும் இருக்கு. அந்தத் தண்ணியில இன்னொரு தடவை கை வெக்க என்னால ஆகாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். பாயிரினும் போனார்.

அம்மா என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அந்த அம்மா உன் பிறந்த நாள் சோத்தை முந்தின நாளே, பொன்னுலயே படைச்சிடுவா, பாரு" என்றாள். "நான் மறுநாள்தான் படைப்பேன். நீ இங்க வந்து சாப்பிட்டுத்தான் போகணும்."

"சரிம்மா."

"ரெண்டு இடத்துலயும் சாப்பிட்டு குண்டாயிடப் போற." அவள் குரல் உடைந்தது. உடனே சரிசெய்துகொண்டாள். "என்ன நின்னுக்கிட்டிருக்க? மாட்டுக்குப் புல்லு போடு. கலியாணம் ஆகறவரைக்கும் எங்க வீட்டு ஆளுதான் நீ."

நான் கொட்டகைப் பக்கம் நடந்தேன். மலையோரம் இருந்த நெருப்புக் கோடு அணைந்துவிட்டிருந்தது. எங்கள் முற்றத்தில் அன்றைக்கு இரண்டாவது தடவையாகப் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.